குடத்துக்குள் போக முடியாத பூதம்

முன்னொரு காலத்திலே, பூதங்கள் மனுஷரோடு மனுஷராகச் சந்தைக்கு வந்து பேரம் பேசிக்கொண்டிருந்த காலத்திலே, சிலம்பாற்றங்கரையில் ஈர்க்குச்சி என்று ஒரு பூதம் இருந்தது. பேர்தான் ஈர்க்குச்சி. வயிறு ஒரு வைக்கோல் போர். கை ஒவ்வொன்றும் பனைமரப் பருமன். அது குளிக்க இறங்கினால் ஆற்றுத் தண்ணீர் கரையேறி ஊருக்குள் வந்துவிடும். சிரிக்காதீர்கள் அம்மா! நான் சொல்ல வந்த நாளில் அது படித்துறையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது.

ஏன் அழுதது? சொல்கிறேன், சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அது நிஜமாகவே ஈர்க்குச்சிதான். ஒரு செப்புக் குடத்துக்குள் பெண்டாட்டி குமிழியோடும், தொட்டிலில் கிடந்த மகள் துளியோடும் குடியிருந்தது. வெளியே பார்த்தால் குடம், உள்ளே போனால் ஏழு அறை வீடு. குடத்தின் வாய் ஒரு சோற்றுத் தட்டு அகலம். இறங்கினால் இறங்கலாம், யாராவது தூக்கிவிடாமல் ஏறி வர முடியாது, சுவர் அப்படி வழுக்கும். அதிலும் பூதப் பெண்கள் குடத்தை விட்டு வெளியே வரவே மாட்டார்கள். வந்தால் குலத்தைவிட்டுத் தள்ளிவிடுவார்கள், அது அவர்கள் வழக்கம்.

அந்த ஊருக்கு எட்டத்தில் ஒரு மலைக்குகையில் வக்கிரதந்தன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். முன்பல் இரண்டும் கோணல், புத்தி அதைவிடக் கோணல். அவன் ஒரு நாள் மந்திரம் போட்டு ஈர்க்குச்சியை வெளியே இழுத்துக் கட்டிப்போட்டான்.

"பன்னிரண்டு வருஷம் எனக்கு வேலை செய். அப்புறம் தாராளமாக வீட்டுக்குப் போ" என்றான்.

மலையைப் புரட்டச் சொன்னான், புரட்டியது. கடலுக்குப் பறந்து முத்தெடுத்து வரச் சொன்னான், பறந்து போய் எடுத்து வந்தது. மகள் நினைப்பு வந்து கண் கலங்கினால் போதும், ஓடி வந்து ஒரு அண்டா ஜாங்கிரியை முன்னால் வைப்பான். "சாப்பிடுப்பா, மனசு ஆறும்" என்பான். கலங்கினால் ஜாங்கிரி, ஏங்கினால் அதிரசம், பெருமூச்சு விட்டால் நெய்ச்சோறு. பன்னிரண்டு வருஷம்! என்ன ஆகும்? வைக்கோல் போர் ஆகும்.

பங்குனி கடைசி நாள் கெடு முடிந்தது. வக்கிரதந்தன் குடத்தைக் கொண்டுவந்து படித்துறைக் கல்மேல் வைத்தான்.

"போ ராஜா, போ. நானா தடுக்கிறேன்? மந்திரம் மட்டும் போடாதே, போட்டால் குடம் துப்பிவிடும். ஆடிப் பதினெட்டு உச்சிவேளைவரை பார்ப்பேன். அதுக்குள்ளே நீ போகவில்லை என்றால் குடத்தை வெள்ளத்தில் விட்டுவிடுவேன். வீடில்லாத பூதம் ஆயுசு பூராவும் மந்திரவாதிக்கு அடிமை, தெரியுமில்லே?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டுப் போனான்.

ஈர்க்குச்சி குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தது. விரல் நுனிகூட முழுசாகப் போகவில்லை. உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அப்பா, வந்துட்டீங்களா?"

"வந்துக்கிட்டே இருக்கேன் கண்ணு" என்றது பூதம். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் அப்படி அழுதது.

முதலில் மந்திரம் போட்டு உடம்பைச் சுருக்கிப் பார்த்தது. குடம் 'தூ' என்று துப்பியதில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அடுத்து, இனி பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கரையில் ஒரு கல்யாணப் பந்தல் தெரிந்தது. அவ்வளவுதான் ஐயா, மாப்பிள்ளைக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் கீரைக் கட்டை அலச வந்தாள் பவளாயி. ஐம்பது வயசுக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று, பிள்ளை குட்டி கிடையாது. தினம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏழு ஊர் நடந்து கீரை விற்பாள். பொழுது சாய்ந்தால் ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பி, தனக்கு மட்டும் ஒரு வாய்க் கூழ் கரைத்துக் குடிப்பாள்.

"யோவ் பூதம்! தள்ளி உட்காருய்யா. படித்துறையை உன் பேருக்கா எழுதி வெச்சிருக்கு?"

பூதம் தள்ளி உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே மறுபடியும் அழுதது. அழுகிற பூதத்தைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? பவளாயி கீரையை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கதை முழுக்கக் கேட்டாள். குடத்துக்குள்ளிருந்து "அப்பா, வந்துட்டீங்களா?" என்ற குரலையும் கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அட பாவி மனுஷா! நீ எப்பவாச்சும் நடந்திருக்கியா?"

"நாங்க பறக்கிற ஜாதி அக்கா."

"இனிமே பறக்காதே. கூடையைத் தூக்கு. ஏழு ஊரும் என்கூட நட. நான் குடிக்கிற கூழைக் குடி. எனக்கு வேற வைத்தியம் தெரியாது தம்பி."

பூதம் கூடையை வாங்கிக்கொண்டு நடந்தது. பத்தாவது அடியில் மூச்சு வாங்கியது. இருபதாவது அடியில் கால் கொப்பளித்தது. பாதம் பச்சைப் பிள்ளையின் பாதம் போல, மண்ணே படாத பாதம். முதல் ஊர் எல்லையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"சரி, இன்னிக்கு ஒரு ஊர் போதும். நாளைக்கு ரெண்டு பார்ப்போம்" என்றாள் பவளாயி.

மறுநாள் இரண்டு ஊர். அடுத்த வாரம் மூன்று ஊர். அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை என்று பூதம் கூவுகிற கூவலில் ஏழு ஊரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தது. காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும். மத்தியானம் கீரைக் கடைசலும் கொஞ்சம் சோறும் கொள்ளுத் துவையலும். நடுவில் வாய் நமநமத்தால் வெள்ளரிப் பிஞ்சு.

நாலு மணி ஆனால் போதும், பூதத்துக்கு ஜாங்கிரி நினைப்பு வந்துவிடும். "அக்கா, பசிக்குது!" என்று கத்தும்.

பவளாயி நின்று அதன் முகத்தைப் பார்ப்பாள். "பசிக்குதா, அழுகை வருதா? நல்லா யோசிச்சுச் சொல்லு. பசின்னா கூழ் இருக்கு, குடி. அழுகைன்னா அதுக்குக் கூழ் எதுக்கு? வா, நடந்துக்கிட்டே அழு."

பாதி நாள் அது அழுகையாகத்தான் இருந்தது. வரப்பு வழியாக ஒரு பூதம் அழுதுகொண்டே நடக்கும், முன்னால் ஒரு கீரைக்காரி "ம், அப்புறம்? பாப்பாவுக்குத் தொட்டில்ல என்ன பாட்டுப் பாடுவே?" என்று கேட்டுக்கொண்டே போவாள்.

சித்திரைக் கடைசியில் குடத்துக்குள் கை விட்டது. மணிக்கட்டுவரை போயிற்று.

"அப்பா, வந்துட்டீங்களா?"

"வந்துக்கிட்டே இருக்கேன் கண்ணு."

வைகாசிக் கடைசியில் முழங்கைவரை போயிற்று. உள்ளே ஒரே கூச்சல். "அம்மா! அம்மா! ஓடி வாங்க! அப்பா விரல் தெரியுது!" அன்றைக்கு ஈர்க்குச்சி ஏழு ஊரையும் இரண்டு தடவை சுற்றி வந்தது. பவளாயிதான் பாவம், கால் வலி தாங்காமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

ஆனியில்தான் சறுக்கியது. மழை பிடித்துக்கொண்டு நாலு நாள் நடக்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த பூதத்துக்கு, முழங்கையோடு நின்றுபோன நினைப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து வக்கிரதந்தன் ஒரு வண்டி லட்டை அனுப்பிவைத்தான். வண்டி காலியாகத் திரும்பியது. ஆனிக் கடைசியில் கை விட்டுப் பார்த்தால் முழங்கைக்கு மேல் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

பூதம் வெட்கம் தாங்காமல் புளியந்தோப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவ்வளவு பெரிய உடம்பு எங்கே ஒளியும்? பவளாயி நேராக வந்து நின்றாள்.

"எத்தனை லட்டு?"

"வண்டி நிறைய அக்கா. நான் உருப்பட மாட்டேன். என்னை விட்டுடுங்க."

"முந்தாநாள் தின்னது முந்தாநாளோட போச்சு. இன்னிக்குக் கீரை வாடுது. எந்திரிய்யா, கூடையைத் தூக்கு!"

தூக்கியது. நடந்தது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட விடவில்லை.

ஆடிப் பதினெட்டும் வந்தது. சிலம்பாறு நுங்கும் நுரையுமாக ஓடுகிறது. ஏழு ஊர் சனமும் கரையில். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று திரும்பின பக்கமெல்லாம் தூக்குச்சட்டி திறக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் வக்கிரதந்தன் ஒரு கொப்பரைச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தான். முந்திரி மிதக்கிறது, நெய் வழிகிறது.

"பாவம், கடைசி நாள். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்" என்று குழைந்தான்.

ஈர்க்குச்சி பொங்கலைப் பார்த்தது. வாயில் எச்சில் ஊறியது, பொய் சொல்லக்கூடாது. "வேண்டாங்க. எனக்குப் பசி இல்லை. பயம்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடத்தின் முன்னால் மண்டியிட்டது.

கை போயிற்று. மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று. தோள் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று! கரையிலிருந்த சனம் ஆரவாரம் செய்தது. ஆனால் தோளுக்கப்புறம் நெஞ்சு முட்டியது. மூச்சைப் பிடித்து அழுத்தியது. பவளாயி முதுகில் கை கொடுத்துத் தள்ளினாள். ஊரே சேர்ந்து தள்ளியது. ஊஹூம். நாலு மாசத்தில் வைக்கோல் போர் பாதியாகத்தான் ஆகியிருந்தது.

சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தான். வக்கிரதந்தன் மந்திரக்கோலைச் சுழற்றிக்கொண்டு நெருங்கினான்.

"குமிழி, என்னால முடியலைடி. நான் நடந்தேன், நிஜமாவே நடந்தேன். ஆனா வயிறு வர மாட்டேங்குது. பாப்பாகிட்ட சொல்லிடு" என்று பூதம் கதறியது.

உள்ளேயிருந்து குமிழியின் குரல் கணீரென்று வந்தது.

"நீங்க ஏங்க உள்ளே வரணும்? கைதான் எங்க தலைக்கு மேல வந்துடுச்சே! எங்களைப் பிடிச்சு வெளியே இழுங்க!"

"ஐயோ, குல வழக்கம்? உன்னைத் தள்ளி வெச்சிடுவாங்களே!"

"குலம் கிடக்குது குலம்! பன்னிரண்டு வருஷமா எந்தக் குலம் வந்து என் பிள்ளைக்கு அப்பாவைக் காட்டுச்சு? இழுங்கன்னா இழுங்க!"

பத்து விரல்கள் அதன் மணிக்கட்டைப் பற்றின. இன்னும் பத்து, சின்ன விரல்கள், அதன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டன. ஈர்க்குச்சி இழுத்தது. பவளாயி ஈர்க்குச்சியை இழுத்தாள். ஒரே இழுப்பில் தாயும் மகளும் வெயிலில் வந்து விழுந்தார்கள்.

குமிழி எழுந்து சேலையை உதறிக்கொண்டு மந்திரவாதியை ஏற இறங்கப் பார்த்தாள். "இவருக்கு வீடில்லைன்னு எவன் சொன்னது? நானும் என் பிள்ளையும் நிக்கிற இடம் இவர் வீடு."

அவ்வளவுதான், மந்திரம் தெறித்தது. குடம் கருத்துப்போய் நடுவில் பிளந்தது. வக்கிரதந்தன் கையிலிருந்த மந்திரக்கோல் வாடின கீரைத்தண்டு மாதிரி துவண்டு தொங்கியது. தூக்கிக்கொண்டு பறக்க இனிப் பூதமில்லை. அந்த மலைக்குகைவரை அவன் நடந்தே போனானாம், நடக்கட்டும்!

அன்றிலிருந்து பவளாயியின் கூடை அவள் தலையில் ஏறவே இல்லை. அவள் வீட்டுக்கு அடுத்த மனையில் பூதக் குடும்பம் குடி வந்தது. ஆற்றிலிருந்து அவள் கொல்லைக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது ஈர்க்குச்சி. பொழுது சாய்ந்தால் கூழ் கரைக்க நாலு கிண்ணம் எடுப்பாள்.

ஆனால் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் கரையில், எல்லோரும் குதித்துக் கொண்டாடும்போது, ஈர்க்குச்சி மட்டும் திரும்பி நின்றுகொண்டது. இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டது. துளி சுற்றி வந்து முன்னால் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா சொன்ன அப்பா ஒல்லியா இருப்பாரே?"

"ஆமாம் கண்ணு. நடுவுல கொஞ்சம் பெருத்துட்டேன்" என்றது பூதம், தலையைக் குனிந்துகொண்டு.

துளி இரண்டு கையையும் விரித்து அந்த வயிற்றைக் கட்டிப் பார்த்தாள். கை பாதி தூரம்கூட எட்டவில்லை. கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இவ்வளவு அப்பாவும் எனக்கா?"

கதை அவ்வளவுதான். இத்தனை நேரம் உட்கார்ந்தே கேட்டீர்கள், எழுந்து வாசல்வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.