வெள்ளிப் புருவம்

"புருவம்..." என்றாள் செங்கமலம். மீதி முந்தானைக்குள்ளேயே போய்விட்டது.

"காதுல விழலியே, அக்கா."

குன்றடிச் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

சாமி ஒரு பெண் துறவி. செங்கமலத்தைவிடப் பத்து வயது இளையவர். ஊரே அவர் காலில் விழும். அவரோ தன் சீடரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"புருவம் வரைஞ்சுக்கலாமான்னு கேட்டேன். ஊசியால, பச்சை குத்துற மாதிரி. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. கேன்சர் டாக்டரும் இனிமே பண்ணிக்கலாம்னுட்டார்."

மார்பில் வந்த நோய் போய்விட்டது. மருந்தில் உதிர்ந்த தலைமுடி சுருட்டை சுருட்டையாகத் திரும்பி வந்தது. புருவம் மட்டும் வழி மறந்துவிட்டது.

"பண்ணிக்கிறதுதானே?"

"போன உசுரு திரும்பி வந்ததே பெருசு, இதுல புருவம் வேற கேக்குதான்னு சமையல்கட்டுல நாச்சியா சிரிக்கிறா."

"நாச்சியாவுக்குப் புருவம் இருக்கா?"

"கம்பளிப்பூச்சி மாதிரி ரெண்டு இருக்கு, சாமி."

சாமி சிரித்தார். செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நடந்தாள். கிணற்றடி வரை போகும்போது வரைந்துகொள்வது என்று முடிவு. திரும்பி வரும்போது வேண்டாம் என்று முடிவு. மறுபடி கிணற்றடி. மறுபடி மடத்து வாசல்.

"மூஞ்சி துடைச்சு வச்ச சிலேட்டு மாதிரி இருக்கு. கண்ணாடி பார்த்தா யாரோ வந்து நிக்கிறா. உடம்பு பொய்னு இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்து கேட்டவளுக்கு இந்த ஆசை ஆகுமா? ஆகும்னு சொல்லுங்க, இல்ல ஆகாதுன்னு சொல்லுங்க. ஏதாவது சொல்லித் தொலைங்க!"

"அபிஷேகம் முடிஞ்சிருக்கும். போய் அம்மனுக்கு அலங்காரம் பண்ணுங்க."

மடத்து அம்மன் பழைய கல். தலைமுறை தலைமுறையாகப் பாலும் தண்ணீரும் வழிந்து முகம் கூழாங்கல்லாகத் தேய்ந்துவிட்டது. தினமும் திரை போட்டு, மெழுகு உருட்டி, வெள்ளிக் கண்ணையும் வெள்ளிப் புருவத்தையும் ஒட்டுவது செங்கமலத்தின் வேலை.

புடவை கட்டினாள். கண்களை ஒட்டினாள். புருவத்துக்காகத் தட்டைத் துழாவினாள்.

இல்லை.

சாமி பக்கத்தில் வந்து நின்றார். அவர் இடது கை மூடியிருந்தது.

திரைக்கு வெளியே கூட்டம் நெருக்கியது. "தாயே, மூஞ்சியைக் காட்டு!" என்றது ஒரு குரல்.

"திரையை விலக்குங்க அக்கா."

"புருவம் வைக்கலியே, சாமி."

"அதனால என்ன? அம்மன் அம்மன்தானே?"

"அம்மன்தான். ஆனா..."

செங்கமலம் நிமிர்ந்தாள். மொட்டை நெற்றிக்குக் கீழே இரண்டு கண்கள் விழித்துக்கொண்டிருந்தன. தெரிந்த முகம்தான். காலையில்கூடக் கண்ணாடியில் பார்த்தாள்.

"கல்லுக்கு எதுக்குப் புருவம்? ஜனம் காத்துக்கிட்டு நிக்குது. விலக்குங்க."

இத்தனை வருஷத்தில் சாமி சொல்லைத் தட்டாதவள், திரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"மாட்டேன்! புருவத்தைக் குடுங்க!"

மண்டபம் அதிர்ந்தது. வெளியே கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது.

சாமி கையை விரித்தார். உள்ளங்கையில் இரண்டு வெள்ளிக் கீற்று.

"இப்போ நல்லா காதுல விழுந்துச்சு, அக்கா."