முயல் போட்ட மூங்கில் குழாய்

குன்றின் அடியில் ஒரு முயல் தன் மனைவியோடும் இரண்டு குட்டிகளோடும் வளையில் வசித்தது. வளையின் வாசலில் ஒரு சிறிய புல்தரை இருந்தது. கோடை வந்ததும் அது வாடத் தொடங்கியது.

"குன்றின் மேல் சுனை இருக்கிறது. அதிலிருந்து தண்ணீர் கொண்டுவருவேன். வாசலிலேயே புல் கிடைக்கும், பிறகு எனக்கு ஒரு வேலையும் இருக்காது!" என்றது முயல்.

"கொஞ்சம் புல்லுக்கா இவ்வளவு பாடு?" என்றது மனைவி.

முயல் கேட்கவில்லை. முள்ளம்பன்றியை அழைத்து வந்தது. இரண்டும் சேர்ந்து சுனையிலிருந்து வாசல்வரை மூங்கில் குழாய் போட்டன. முள்ளம்பன்றி தன் முள்ளால் குழாய் நெடுகத் துளையிட்டது. தண்ணீர் பூந்தூறலாகத் தெறித்தது. மானும் நரியும்கூட வந்து பார்த்தன. முயலுக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் பாதித் துளைகளை மண் அடைத்துக்கொண்டது. முயல் ஒவ்வொன்றாகக் குத்திக் குத்தி எடுத்தது. மறுநாள் காட்டுப்பன்றி மிதித்து ஒரு மூங்கில் பிளந்தது. முயல் அதைக் கொடியால் கட்டியது. கட்டிய இடத்தில் ஒழுகியது. புல்தரையில் ஒரு மூலை சேறு, மறுமூலை கட்டாந்தரை!

"அண்ணே, ஒரு தடவை வந்து பாருங்களேன்!" என்று முள்ளம்பன்றியைக் கெஞ்சியது முயல்.

"நாளைக் காலையில் முதல் வேலை உன் வேலைதான்!"

மூன்று காலைகள் போயின. ஒருவழியாக வந்த முள்ளம்பன்றி, குழாயைத் தட்டிப் பார்த்தது.

"யார் இப்படிக் கட்டியது? எல்லாவற்றையும் கெடுத்து வைத்திருக்கிறாயே!"

அது புதிதாக மூன்று துளை போட்டுவிட்டுப் போனது. அதன்பின் வந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றது.

முயல் களைத்துப்போய்க் குன்றேறியது. சுனை வாயில் சருகு அடைத்திருந்தது. அதை இழுத்ததும் தண்ணீர் குபீரென்று பாய்ந்தது. கீழே வாசலருகே கொடிக்கட்டு அறுந்தது. வெள்ளம் முழுதும் வளைக்குள் புகுந்தது.

"ஐயோ, குட்டிகள் உள்ளே!" என்று மனைவி அலறியது.

முயல் உருண்டு புரண்டு இறங்கி ஓடியது. அதற்குள் மனைவி ஒரு குட்டியை வெளியே இழுத்திருந்தது. முயல் சேற்றுக்குள் தலையை நுழைத்து மற்றதைக் கவ்வி இழுத்தது. குட்டி அசையவில்லை. முயல் அதை நக்கியது, முகத்தால் முட்டியது. குட்டி இருமியது, தும்மியது, கண்ணைத் திறந்தது.

முயல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டது.

"இந்தக் கோடையில் ஒரு நாளாவது நான் இந்தப் புல்லைத் தின்றேனா?"

"இல்லை. எங்களோடு உட்காரவும் இல்லை" என்றது மனைவி.

முயல் மறுபடியும் மெதுவாகக் குன்றேறி, குழாயைச் சுனையிலிருந்து பிடுங்கிப் போட்டது.

அப்போதுதான் முள்ளம்பன்றி எதிரே வந்தது. "இன்று கட்டாயம் சரிசெய்து தருகிறேன்!" என்றது.

"வேண்டாம் அண்ணே. என்னால் இனி முடியாது."

முயல் வாசலுக்கு வந்து குட்டிகளின் பக்கத்தில் படுத்தது. பழுத்துப்போன புல்லில் ஒரு வாய் கடித்தது. மென்று முடிப்பதற்குள் தூங்கிப்போனது.

வேலையைக் குறைக்க வைத்த பொருளே ஓயாத வேலையாகிவிட்டால், அதைக் கட்டிக்கொண்டு அழாமல் விட்டுவிடுவதே அறிவு.