காய்ந்த புல்லுக்குத் தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்க. அங்கே இருந்தால் என் குரல் எட்டாது.

கரிசல் காட்டில் ஒரு மடம். குரு வடிவம்மைக்கு முப்பது வயசுகூட இருக்காது. சீடர் ஊர்க்காவலனுக்குத் தலை நரைத்துவிட்டது. குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார்.

விறகுக்கு மரம் இல்லாமல் போன வருஷம் அது. அடுப்பெரிக்கவென்றே யானைப்புல் நடச் சொன்னார் குரு. ஒரு தரம் நட்டால் வருஷா வருஷம் அறுக்கலாம். புல்லுக்கு மடம் நெல் கொடுக்கும்.

குரு சொன்னதை ஊருக்குள் சொல்லப் போன ஊர்க்காவலன் பேச்சை நம்பி, மூன்று குடும்பம் சோளம் விதைக்காமல் புல் நட்டது.

ஆளுயரம் வளர்ந்த புல், பங்குனி வெயிலில் அடிவரை காய்ந்து நின்றது.

ஊர்க்காவலனுக்குச் சோறு இறங்கவில்லை. குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். பச்சை திரும்பவில்லை.

ஒருநாள் மூன்று குடும்பமும் மடத்து வாசலில் வந்து உட்கார்ந்தது.

"நடச் சொன்னதும் நீரு. இப்ப தண்ணி ஊத்திக் காரியம் பண்ணுததும் நீரா?" என்றாள் ஒருத்தி.

ஊர்க்காவலன் குடத்தைத் தூக்கிக்கொண்டு புல் நின்ற காட்டுக்கு ஓடினார். குரு அங்கே நின்றார்.

"எல்லாம் செத்துப்போச்சு, அம்மா. மூணு வீட்டுப் பிள்ளைகளும் பட்டினி. என்னால."

"பச்சை எங்க போச்சு, அண்ணாச்சி?"

"வெயில் குடிச்சிருச்சு."

"மண்ணுக்குள்ளயும் வெயில் அடிக்குதோ?"

அவர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"வேரைத் தோண்டிப் பாக்கட்டுமா?"

"தூங்குறவரை எழுப்பி, தூங்குறீரான்னு கேப்பீங்களா?"

அவர் குடத்தைச் சாய்க்கப் போனார். குரு அதை வாங்கி ஓரமாக வைத்தார். அரிவாளை எடுத்தார்.

"அறுக்காதீங்கம்மா! ஒட்டிக்கிட்டு இருக்கிற உயிரும் போயிரும்!"

குரு குனிந்தார். அடியில் ஒரு சாண் விட்டு அறுத்தார். கட்டு ஒன்றை ஊர்க்காவலன் தலையில் ஏற்றினார். குடத்தைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

மடத்துக்கு வந்ததும் குடத்துத் தண்ணீரை உலைப்பானையில் ஊற்றினார். புல்லை முறித்து அடுப்பில் திணித்தார். ஒரே தீக்குச்சி. பொசுக்கென்று பிடித்தது. புகையே இல்லை.

வாசலில் இருந்தவர்கள் எழுந்து வந்து அடுப்பைப் பார்த்தார்கள்.

"இவங்களுக்கு நெல்லை அளந்து போடுங்க," என்றார் குரு.

அளந்து முடித்து ஊர்க்காவலன் குருவிடம் வந்தார்.

"அம்மா, இந்த வருஷம் சரி. அறுத்தாச்சே, இனி எங்கிருந்து வரும்?"

குரு அடுப்பைக் கிளறினார். ஆறிய சாம்பலைக் கூடையில் அள்ளினார். அதை ஊர்க்காவலன் தலையில் வைத்து, தோளைப் பிடித்து, வேர் தூங்கும் காட்டுப் பக்கமாகத் திருப்பி விட்டார்.