கீழ்மடுவின் முறை

செங்கமலம் ஆற்று நீரைப் பங்கிட்டுக் கொடுப்பவர். அவரிடம் அந்த வேலையைக் கற்க வந்த சடையப்பருக்கு ஐம்பது வயது. குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சீடர்.

அந்தக் கோடையில் ஆறு சுருங்கி, அணைக்கட்டுக்குப் பின்னால் முழங்கால் அளவுத் தண்ணீராய் நின்றது. மறுநாள் காலை முறை அழைப்பு. செங்கமலம் ஒவ்வொரு வயலையும் பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் வந்தால் அந்த வயலுக்குத் தண்ணீர். வராவிட்டால் அந்தப் பங்கு மற்றவர்களுக்குப் போய்விடும். ஓர் ஆளுக்கு ஒரு குரல்தான்.

வயல்களோடு, அணைக்குக் கீழே இருக்கும் கீழ்மடுவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆற்று மீனெல்லாம் கோடையில் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். இத்தனை வருடமும் மடுவுக்காகக் குரல் கொடுத்த வலைக்காரர் மாசியில் இறந்துபோனார்.

"நாளைக்கு மடுவுக்கு யாரும்மா குரல் கொடுப்பாங்க?" என்று கேட்டார் சடையப்பர்.

"தெரியல."

"நீங்களே கொடுத்துடலாமே?"

"கூப்பிடுறவ பதில் சொல்லக் கூடாது."

"வாயில்லாத மீனுக்காக ஒரு தடவை வழக்கத்தை மாத்தினா என்ன?"

"அடுத்த தடவை பண்ணைக்காரர் தனக்காக மாத்தச் சொல்வார். மாத்தட்டுமா?"

சடையப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

விடிந்ததும் அணை மேட்டில் எல்லோரும் கூடினார்கள்.

"மேட்டு வயல்!"

"இருக்கேன்!"

"புளியடி வயல்!"

"இருக்கேன்!"

மூன்றாவதாகச் செங்கமலம் கூப்பிட்டது, "கீழ்மடு!"

சடையப்பருக்குத் திக்கென்றது. அவர் வயலை இன்னும் கூப்பிடவில்லை; அவரிடம் இருப்பதும் ஒரே குரல்தான். கதிர் பால் பிடித்து நிற்கிறது. அதுதான் அவருடைய ஒரு வருடச் சோறு. அவருக்காகக் குரல் கொடுக்க வீட்டில் வேறு ஆளும் இல்லை.

"ஏய் கெண்டை, எங்கடி போயிட்ட? உன்னைத்தான் கூப்பிடுறாங்க!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது.

"கீழ்மடு!" இரண்டாவது தடவை.

புளியடி வயல்காரர் சடையப்பரின் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். "அண்ணே, சும்மா நில்லுங்க. மீன் செத்தா குழம்பு. நெல்லு செத்தா கஞ்சிக்கு எங்க போவீங்க?"

சடையப்பர் குனிந்து பார்த்தார். மடுவில் தண்ணீர் சேறாய்க் குழம்பிக் கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

செங்கமலம் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"கீழ்மடு!"

"இருக்கேன்."

தன் குரல்தானா என்று சடையப்பருக்கே சந்தேகம். சிரிப்பு நின்றுபோனது.

அடுத்து, "சடையப்பர் வயல்!" என்று செங்கமலம் கூப்பிட்டார். மூன்று தடவை, அவசரப்படாமல். யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பங்கு மற்ற வயல்களுக்குப் பிரிந்தது.

கூட்டம் கலைந்ததும் சடையப்பர் குருவின் எதிரே வந்து நின்றார்.

"என் நெல்லு என்னம்மா ஆகும்?"

"கருகும்."

"எப்பவும் மடுவைக் கடைசியிலதானே கூப்பிடுவீங்க?"

"ஆமா."

"இன்னிக்கு வேணும்னே என் வயலுக்கு முன்னால கூப்பிட்டீங்க."

"ஆமா. வரிசை என் விருப்பம்."

"ஏன்?"

செங்கமலம் மதகுப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் மடுவை நோக்கி இறங்கியது.

"கடைசியில கூப்பிட்டிருந்தா, குரலை வயலுக்குக் கொடுத்துட்டு, மீனுக்காக நிம்மதியா வருத்தப்பட்டிருப்பீங்க."