சார்ஜே போடாத வாட்ச்

“அம்மா, அந்த வீரணனை இன்னைக்கே வெளியே அனுப்பிடுங்க.”

எதிராஜன் இதைச் சொன்னபோது குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

குருவுக்கு வயது நாற்பது. சீடரான எதிராஜனுக்கு அறுபத்து மூன்று. வங்கியில் தணிக்கை அதிகாரியாக இருந்து, எங்கே தப்பு நடந்தாலும் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிப்பவர் என்று பெயர் வாங்கியவர். சிறுமலை அடிவாரத்தில் உள்ள இந்த ஆசிரமத்துக்கு வந்து பதினாறு நாள் ஆகிறது. மோப்பம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“வீரணண்ணன் என்ன பண்ணினார்?” என்று கேட்டார் குரு.

“நான் தியானத்துல உட்கார்ந்ததும் என் வாட்ச்சை எடுத்துத் தன் போனோட முதுகுல ஒட்டி வச்சுக்கிறான். மூணு நாளா ஜன்னல் வழியாப் பார்க்கிறேன். என் விவரம் மொத்தத்தையும் உறிஞ்சுறாம்மா.”

“தியானத்துல இருந்துக்கிட்டே ஜன்னலையும் பார்த்தீங்களா?”

எதிராஜன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை.

அந்த ஆசிரமத்தில் செருப்பு, போன், கைக்கடிகாரம் எதுவும் தியான மண்டபத்துக்குள் போகக்கூடாது. ஆசையை விட வந்தவர்கள் முதலில் இந்த மூன்றையும் வாசலில் விட வேண்டும். அவற்றைப் பார்த்துக்கொள்பவர் வீரணன். ஐம்பது வயதைத் தாண்டியவர். முன்பு லாரி ஓட்டினார். இப்போது ஆசிரமம்தான் வீடு. இங்கிருந்து அனுப்பினால் போவதற்கு அவருக்கு வேறு இடம் கிடையாது. எதிராஜனுக்கும் அது தெரியும்.

“இது சாதாரண வாட்ச் இல்லம்மா. நெஞ்சடைப்பு வந்தப்புறம் பையன் வாங்கிக் கொடுத்தது. போன வாரம் நீங்களே பார்த்தீங்கல்ல?”

பார்த்திருந்தார். காலை நடையின்போது அந்த வாட்ச் கையில் அதிர்ந்து அதிர்ந்து எச்சரித்தது. நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடியது. ஜீப்பில் திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரை மணி நேரம் கழித்து வந்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து எதிராஜன் தினமும் காலையில் வாட்ச்சைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

“வீட்ல எனக்காக ஒரு துரும்பை எடுத்துப் போட ஆள் இல்ல. மருமக காலையில வேலைக்கு ஓடுறவ, என் மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டா. இந்த வாட்ச் ஒண்ணுதான் என்னைக் கவனிச்சுக்குது. அதையும் ஒருத்தன் நோண்டுனா நான் சும்மா இருக்கணுமா?”

“சும்மா இருக்க வேண்டாம்” என்றார் குரு. “நாளைக்கழிச்சு சாயங்காலம் அனுப்பிடலாம். அதுவரைக்கும் அண்ணன் உங்க வாட்ச்சைத் தொட மாட்டார்.”

இவ்வளவு எளிதில் முடியும் என்று எதிராஜன் எதிர்பார்க்கவில்லை. எழுந்தார்.

“ஒரு கேள்விங்கய்யா. இந்த மாதிரி வாட்ச்சுக்கு எத்தனை வகையில சார்ஜ் ஏத்தலாம்?”

எதிராஜன் சிரித்தார். “இதுக்குச் சார்ஜே வேண்டாம்மா. எட்டு மாசமாக் கட்டியிருக்கேன், ஒரு நாள்கூடப் போட்டதில்ல. கையை வீசி நடந்தா அதுவே ஏத்திக்கும். என்னோட பழைய வாட்ச்சும் அப்படித்தான். முப்பது வருஷம் ஓடுச்சு.”

“பரவாயில்லையே” என்றார் குரு. கீரைக்காம்பை ஒதுக்கிப் போட்டார்.

*

ஆசிரமத்தில் மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து வருவது. சமையலறையை ஒட்டிய ஒரே இடத்தில்தான் சார்ஜ் போடலாம். ஆளுக்கு ஒரு பொருள், ஒரு மணி நேரம், அதுவும் மாலையில் மட்டும்.

மறுநாள் மாலை எதிராஜன் தன் போனைச் செருகிவிட்டு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வீரணனின் போன் மணி அடித்தது.

“அம்மாடி! ஆமாத்தா, அப்பாதான் பேசுறேன்... இல்லடா, போன் கெட்டுப் போகல. ரெண்டு வாரமா சாயங்காலமானா தானா அணைஞ்சு போயிடுது... பரீட்சை எழுதிட்டியா? அழுவாத. இனிமே தினமும் பேசலாம்.”

நர்சிங் படிக்கும் மகள், கோயம்புத்தூர் விடுதியில் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். எதிராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

மூன்றாம் நாள் காலை வாட்ச்சின் முகம் கறுத்துக் கிடந்தது.

எதிராஜன் அதைத் தட்டினார். துடைத்தார். வெயிலில் காட்டினார். பிறகு கையை வீசிக்கொண்டு மண்டபத்தைச் சுற்ற ஆரம்பித்தார். பதினொரு சுற்று. ஏதோ விசேஷமான பிரார்த்தனை போலிருக்கிறது என்று இரண்டு பெண்கள் பின்னாலேயே சுற்றினார்கள்.

வாட்ச் கண் திறக்கவில்லை.

நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு குருவிடம் வந்தார். இப்போது துடிப்பு எவ்வளவு என்று சொல்ல ஆள் இல்லை. அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

“கெடுத்துட்டாம்மா. அந்த ஆளு கெடுத்தே போட்டான்.”

குரு வீரணனைக் கூப்பிட்டார்.

“அண்ணே, ஐயாவோட வாட்ச்சை என்ன பண்ணீங்க?”

“சார்ஜ் போட்டேம்மா.”

“எப்படி?”

“தங்கச்சி மகன் துபாயிலிருந்து கொண்டாந்து குடுத்த போனும்மா. முதுகுல எதையாவது வச்சா அதுக்கும் சார்ஜ் ஏறும். தியானம் முடியறதுக்குள்ள பாதி ஏறிடும்.”

“யார் போடச் சொன்னாங்க?” என்று கத்தினார் எதிராஜன்.

வீரணன் அவரை வியப்போடு பார்த்தார்.

“நீங்கதான் சார். வந்த மூணாம் நாளு வாட்ச்சைக் கழட்டிக் குடுத்துட்டு, ‘என் உசுரே இதுலதான் இருக்கு, பத்திரமாப் பாத்துக்க’ன்னீங்க. பார்த்தா ஓரத்துல செவப்பா மினுக்குது. லாரி ஓட்டுனவனுக்குச் செவப்பு மினுக்கினா என்னன்னு தெரியாதா சார்?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே!”

“சொன்னேன் சார். ‘இதுக்கெல்லாம் சார்ஜே வேண்டாம், உன் வேலையைப் பாரு’ன்னீங்க. பெரிய மனுசரு, உங்ககிட்ட எதுக்கு எதிர்ப்பேச்சுன்னு என் வேலையைப் பாத்தேன்.”

எதிராஜன் விரல் விட்டு எண்ணினார்.

அவர் வந்த மூன்றாம் நாள். இரண்டு வாரம். சாயங்காலமானால் தானாக அணைந்துபோகும் போன். விடுதியில் அழும் ஒரு பெண். தணிக்கை அதிகாரிக்குக் கூட்டிப் பார்க்க இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. போன வாரம் மலைப்பாதையில் அவர் கையில் அதிர்ந்து எச்சரித்தது யாருடைய போனில் இருந்த சார்ஜ் என்பதும் விளங்கிவிட்டது.

“வாட்ச் தானாவே ஓடுதுன்னு நினைச்சுட்டேன்” என்றார். வீரணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உங்களைப் போய்த் திருடன்னு நினைச்சேனே. என்னை மன்னிச்சிடுங்க.”

முதல் தடவையாக ‘ங்க’ போட்டார்.

“ஐயோ, விடுங்க சார். வாட்ச்சு நின்னு போச்சே, அதைப் பாருங்க முதல்ல.”

குரு எழுந்தார். “வாங்க, உங்க அறைக்குப் போவோம்.”

*

அறையில் ஜன்னல் ஓரம் சுக்குக் காபி டம்ளர் இருந்தது. குரு டம்ளரைத் தூக்கினார். அடியில் வெள்ளையாக ஒரு வட்டத் தட்டு. அதன் ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

“இது என்னங்கய்யா?”

“தெரியலம்மா. பையில இருந்துச்சு. சூட்டுக்கு டம்ளர் வைக்கக் குடுத்திருக்காங்கன்னு நினைச்சேன்.”

வீரணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “அட, சார்ஜர் இங்கனயேதான் இருக்கா!”

குரு காபிக் கறையை முந்தானையால் துடைத்துவிட்டு வாட்ச்சை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். வாட்ச் தானே துள்ளிப் போய்த் தட்டில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“பையைக் கட்டினது யாரு?”

“மருமக. பூர்ணிமா.”

“வீட்ல வாட்ச்சை எப்பக் கழட்டுவீங்க?”

“கழட்டவே மாட்டேன். காலையில குளிக்கப் போகும்போது மட்டும்...”

அவர் தட்டையும் வாட்ச்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

குளித்துவிட்டு வரும்போது வாட்ச் பிரிட்ஜ் மேல் இருக்கும். எடுத்துக் கட்டினால் தினமும் லேசாகச் சுடும். வெயில் பட்டிருக்கும் என்று நினைத்திருக்கிறார். எட்டு மாதம் அப்படியே நினைத்திருக்கிறார். அந்தச் சமையலறையில் பிரிட்ஜ் மேல் எங்கே வெயில்?

அந்த நேரத்தில்தான் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவர் முகத்தைப் பார்க்கக்கூட நேரமில்லாமல்.

எதிராஜன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“சாயங்காலம் வீரணண்ணனை அனுப்பணும்னு பேச்சு” என்றார் குரு.

“அம்மா, கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். அவரை எங்கேயும் அனுப்பாதீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் ஒரு போன் பண்ணணும். என் போன்ல நேத்து ஏத்தின சார்ஜும் தீர்ந்துடுச்சு.”

வீரணன் தன் போனை நீட்டினார். “இதுல பண்ணுங்க சார். ரெண்டு நாளா நிறைய மிச்சம் இருக்கு.”

எதிராஜனுக்கு எண்கள் மறக்காது. மருமகளின் எண்ணும் மனப்பாடம். ஆனால் அந்த எண்ணுக்கு இதுவரை ஒருமுறைகூட அவர் கூப்பிட்டதில்லை.

மணி அடித்தது. பின்னால் பஸ் இரைச்சல்.

“ஹலோ, யாருங்க?”

“நான்தாம்மா.”

“மாமாவா? என்ன மாமா புது நம்பர்ல! உடம்பு நல்லா இருக்குல்ல?”

“நல்லா இருக்கேம்மா. பூர்ணிமா... நான் வந்து...”

அவர் முடிப்பதற்குள் அவள் கேட்டாள்:

“மாமா, வாட்ச்ல சார்ஜ் இருக்குல்ல?”