எதிர்த் தெருச் சபை

ஆனைவிளை ஆலயத்தில் முந்நூறு பேர் உட்காரலாம். ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் பதினான்கு பேர்.

தபால் நிலையத்தில் ஓய்வு பெற்ற ஞானசிகாமணி அங்கே ஆயருக்குத் துணையான உபதேசியார். அவருக்கு ஊழியம் கற்றுக்கொடுத்த ஆயர் சலோமி அவரைவிட இருபது வயது இளையவர்.

ஒருநாள் ஞானசிகாமணி அவரிடம் கேட்டார். "நம்ம சபை மறுபடி உயிர் பெற என்ன செய்யணும், அம்மா?"

"எதிர்த் தெருப் பாஸ்டருக்குக் கால் முறிஞ்சிருக்கு. பிரசங்கம் பண்ண ஆள் இல்லை. நம்ம ஆராதனை முடிஞ்சதும் அங்கே போவோம், அண்ணாச்சி."

அவர் முகம் சுருங்கியது. "அந்தப் பெந்தெகொஸ்தே சபைக்கா? நம்ம ஆட்களை இழுத்துக்கிட்டதே அவங்கதானே!"

"அப்படின்னா நம்ம ஆட்களையும் பார்த்துட்டு வரலாம்."

போனார்கள். தகரக் கொட்டகை நிறைந்திருந்தது. ஞானசிகாமணி ஒவ்வொரு முகமாகத் தேடினார். ஆனைவிளைச் சபையார் இரண்டே பேர் இருந்தார்கள்.

"மத்தவங்க எங்கே?" என்றார் மெதுவாக.

"வீட்டில்" என்றார் சலோமி. வேதாகமத்தை அவர் கையில் கொடுத்தார். "வாசிங்க."

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துக் காட்டிப் பழகிய குரல் அவருடையது. நிறுத்தி நிதானமாக வாசித்தார். முடிந்ததும் பாக்கியத்தாய் என்ற மூதாட்டி அருகில் வந்தாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுய்யா. நானே இப்படி வாசிக்கணும். சொல்லித் தருவீங்களா?"

அவள் பின்னால் இன்னும் பதினெட்டுப் பெண்கள் நின்றார்கள்.

புதன்கிழமை மாலைகளில் ஆனைவிளை ஆலயத்தில் வகுப்பு தொடங்கியது. அத்தனை பேருக்கும் அவர் ஒருவரே சொல்லித்தர முடியவில்லை. ஆலயத்துக்கு வராமல் நின்றுபோனவர்களின் வீடுகளுக்கு ஞானசிகாமணி போனார். ஓய்வு பெற்ற ஆசிரியை வந்தார். மளிகைக்கடைக்காரர் வந்தார். தாதி ஒருத்தி தன் கணவனையும் அழைத்து வந்தாள். புதன்கிழமை வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் வரத் தொடங்கினார்கள்.

எதிர்த் தெருப் பாஸ்டர் ஊன்றுகோலோடு திரும்பிய அன்று, கொட்டகையில் பாக்கியத்தாய் எழுந்து ஒரு சங்கீதம் வாசித்தாள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆனைவிளைச் சபையார் அறுபது பேர் இருந்தார்கள்.

வெளியே வந்ததும் ஞானசிகாமணி கேட்டார். "மூணு வருஷமா இதே வீடுகளுக்குத்தான் நடந்தேன். கோயிலுக்கு வாங்கன்னு கெஞ்சினேன். அப்போ வராதவங்க இப்போ எப்படிம்மா வந்தாங்க?"

சலோமி சிரித்தார்.

"அப்போ உட்காரக் கூப்பிட்டீங்க, அண்ணாச்சி. இப்போ உதவிக்குக் கூப்பிட்டீங்க."