எறும்பு எண்ணிய கீரி

பெரிய புல்வெளிக் காடு ஒன்றில் தும்பை என்ற கீரி இருந்தாள். காட்டுச் சபை தரும் முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அங்கிருந்த குடைவேல மரங்கள் ஏன் குறைந்துகொண்டே வருகின்றன என்பதுதான் ஆராய்ச்சி.

மரம் குறைந்ததில் அதிகம் வாடியவர் சிங்கராஜா. பதுங்க இடமில்லை. வரிக்குதிரைகள் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிடும். "ராஜா வருகிறார், வழிவிடுங்கப்பா" என்று கேலி பேசிக்கொண்டே ஓடிவிடும். ராஜாவுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஒருநாள் அவர் சபையைக் கூட்டினார்.

"யானைகள்தான் மரங்களை முறித்துத் தின்கின்றன. அந்தக் கூட்டத்தையே காட்டைவிட்டு விரட்டப் போகிறேன். தும்பை, உன் ஆராய்ச்சி என்ன சொல்கிறது?"

தும்பையின் குறிப்பிலும் மரத்துக்கு மரம் 'யானை தின்றது' என்றுதான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றே பட்டம். ஆனால் அவள் மனதில் ஒன்று முள்ளாக உறுத்தியது.

"எனக்குப் பத்து நாள் கொடுங்கள், ராஜா. ஆற்றோரத்து மரங்களை மட்டும் யானைகள் தொடுவதே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை."

"மூன்று வருடம் படித்தவளுக்குத் தெரியவில்லையாம்" என்று நரி சிரித்தது. ராஜா முனகிக்கொண்டே சம்மதித்தார்.

தும்பை ஆற்றோரம் போய் ஒரு மரத்தை முகர்ந்தாள். சுரீரென்று மூக்கில் ஒரு கடி. அடி உப்பி உள்ளே பொள்ளலாக இருந்த முள்ளுக்குள் குடியிருந்த கறுப்பு எறும்பு எட்டிப் பார்த்தது.

"இது எங்கள் வீடு. இலையைத் தொட யார் வந்தாலும் கடிப்போம்."

"மற்ற மரங்களில் உங்கள் ஆட்களைக் காணோமே?"

"பெருந்தலை எறும்புகள் கொன்றுவிட்டன. வேறு தேசத்து எறும்புகள் அவை. மனிதர்கள் கொண்டுவந்த பூந்தொட்டி மண்ணில் ஒளிந்து வந்தன. எங்கள் முட்டைகளைத் தின்றுவிடும். ஆனால் மரத்துக்குக் காவல் நிற்காது. ஆற்றோரத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை."

தும்பைக்கு அழுகை வந்தது. மூன்று வருடம் மரத்தையும் யானையையும் பார்த்தாள். எறும்பைப் பார்க்கவே இல்லை. அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். மறுநாள் எழுந்து, மரம் மரமாக எறும்புகளை எண்ணத் தொடங்கினாள்.

பத்தாம் நாள் சபை ஆற்றங்கரையில் கூடியது. தும்பை யானைத் தலைவி வேழாம்பாளை அழைத்தாள்.

"அக்கா, இந்த மரத்தில் ஒரு கிளை ஒடியுங்கள்."

"ஐயோ, வேண்டாம் தங்கச்சி. தும்பிக்கைக்குள் எறும்பு போனால் என்ன பாடு என்று உனக்குத் தெரியாது."

"உங்கள் கூட்டத்துக்காக, ஒரே ஒரு முறை."

வேழாம்பாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிளையைப் பிடித்தாள். கறுப்பு எறும்புகள் திமுதிமுவென்று இறங்கின. அவள் பிளிறிக்கொண்டு ஓடி ஆற்றில் விழுந்தாள். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் நனைந்தார்கள்; நரி கூடுதலாகவே நனைந்தது.

பிறகு தும்பை அவளைக் கறுப்பு எறும்பு இல்லாத மரத்துக்கு அழைத்துப் போனாள். வேழாம்பாள் நிதானமாக இலையைப் பறித்து மென்றாள்.

"காவல் போன மரத்தைத்தான் யானை தின்கிறது, ராஜா. காவலைக் கொன்றது பெருந்தலை எறும்பு" என்றாள் தும்பை.

சிங்கராஜா தலை குனிந்தார். பிறகு வேழாம்பாளிடம், "என்னை மன்னித்துவிடு, அம்மா" என்றார்.

அன்றே வேலை தொடங்கியது. யானைகள் ஆற்றோர மரங்களைச் சுற்றி வாய்க்கால் தோண்டி நீர் நிறைத்தன. பெருந்தலை எறும்புகளால் அதைத் தாண்ட முடியவில்லை. மற்ற இடங்களில் எறும்புத்தின்னிகளுக்குத் தினமும் விருந்து.

"மரம் வளரும்வரை நான் எதைத் தின்பது?" என்று ராஜா கேட்டார்.

"காட்டெருமையை முயன்று பாருங்கள். கொஞ்சம் உதை விழும்" என்றாள் முனைவர் தும்பை.

பெரியவர்மேல் பழி சொல்லுமுன், காலடியில் நடப்பதைக் குனிந்து பார்க்க வேண்டும்.